சக்கரத்து மேல வீடு: குடி போகலாமா?

கேம்பஸ்ல வேலை கிடைச்சதும் அடுத்த கவலை வாடகையும் அட்வான்சும்தான். அப்போ "வண்டியையே வீடா மாத்திட்டா என்ன?"ன்னு நிச்சயம் ஒருநாள் யோசிப்பீங்க. அதை நாமக்கல்காரரான கட்டடக்கலைஞர் அருண் பிரபு 2019-லேயே செஞ்சு பார்த்துட்டார். ஒரு ஆட்டோ மேல 36 சதுர அடி வீடு. பேரு 'சோலோ 01'. சமையல், படுக்கை, கழிவறை, 250 லிட்டர் தண்ணித் தொட்டி, 600 வாட் சோலார், எல்லாம் உண்டு. செலவு சுமார் 1 லட்சம் ரூபாய்.

எப்படிக் கட்டுறாங்க?

சாதாரண வீட்டோட பாரம் அஸ்திவாரம் வழியா மண்ணுக்குப் போகும். இங்கே சேஸிஸ், ஆக்ஸில், டயர் வழியா ரோட்டுக்குப் போகும். அதனால எடைதான் முதல் எதிரி. 9 அங்குல செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோ தாண்டும். 50 மி.மீ. பஃப் பேனல் சுமார் 10 கிலோதான்.

அடுத்தது புவியீர்ப்பு மையம். நம்ம ஆண்டாள் தேரை நினைச்சுக்கோங்க. கீழே கனமான மரம், மேலே மூங்கிலும் துணியும். அதே விதிதான் இங்கேயும். தொட்டியை உச்சியில வெச்சா 250 கிலோ தலைக்கு மேல ஏறிடும், வளைவுல வண்டி சாயும்.

சோலோ 01-ல வீடு ஆறு போல்ட்டுலதான் வண்டியோட இணையுது. வேணும்னா கழட்டி வெச்சுடலாம்.

இப்போ கணக்குப் போடுவோம்

தண்ணி: நகரத்துல ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது நம்ம நாட்டுத் திட்ட அளவு. ரெண்டு பேருக்கு 270. தொட்டி ஒரு நாளுக்கே பத்தாது.

கரண்ட்: 600 வாட் பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்குச் சுமார் 2.5 யூனிட் தரும். ஃபேன், லைட், லேப்டாப்புக்கு தாராளம். ஆனா 1 டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் கிட்ட இழுக்கும். மடவார் வளாகத்து ஏப்ரல் வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ இருக்கிறதை யோசிங்க.

சட்டம்: பதிவான வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு விடாது. ஆர்.டி.ஓ. அனுமதி வேணும்.

சரி, போகலாமா?

சைட் இன்ஜினியரா ஆறு மாசத்துக்கு ஒரு ஊர்னு சுத்துறீங்களா? தாராளமா யோசிக்கலாம். பக்கத்துல தண்ணிக் குழாயும் கழிவுநீர் விட இடமும் இருக்கணும், அவ்வளவுதான். ஆனா வாடகைக்குப் பயந்து நிரந்தரமா குடி போகணும்னா வேண்டாம். வீட்டுக்குச் சக்கரம் மாட்டிடலாம். தண்ணி, சாக்கடை, முகவரிச் சான்று மூணுக்கும் மாட்ட முடியாது.