பெரியார் பஸ் எங்கே போனது?

கேள்வி: எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அரசு பஸ்ஸை இன்னும் 'பெரியார் பஸ்' என்கிறார்கள். தனி மாவட்டமான பிறகும் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் 'விழுப்புரம்' என்றே இருக்கிறதே, ஏன்?
- ஒரு வாசகர், கச்சிராயப்பாளையம்

பதில்: மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். பஸ் கம்பெனி அதற்கு 44 வருடம் மூத்தது. 1975 ஜனவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்தான் அது. கம்பெனி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பல மாநிலங்கள் 1950ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டப்படி கழகம் அமைத்தன. தமிழக அரசோ வட்டாரத்துக்கு ஒன்றாகக் கம்பெனிகள் சட்டத்தில் பதிவு செய்து, பங்குகளைத் தானே வைத்துக்கொண்டது. 1972இல் சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். மன்னர்கள் முடிந்து தலைவர்கள் வந்தார்கள்: சேலத்துக்கு அண்ணா, விழுப்புரத்துக்குப் பெரியார்.

பெயரே வினையானது. 1997இல் விருதுநகர்க் கழகத்துக்குப் பட்டியல் சமூகத்தில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்ட, தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது; தலைமையிட ஊரின் பெயர்தான் மிஞ்சியது. மாவட்டங்களின் பெயரும் தப்பவில்லை. விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் வெறும் விழுப்புரம் ஆனது அப்போதுதான். சாதி ஒழிப்புக்கே வாழ்நாளைக் கொடுத்த பெரியாரின் பெயரும் சாதிச் சண்டையில் போனதை என்னவென்பது!

பிறகு வேலூரின் பட்டுக்கோட்டை அழகிரி கழகம் போன்றவையும் விழுப்புரத்தோடு சேர்ந்தன. இன்று திருவள்ளூர் வரை அதன் ராஜ்ஜியம். புது மாவட்டம் வந்தால் கலெக்டர் ஆபீஸ் வரும். பஸ் கம்பெனி வராது.

நீங்கள் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்க்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கழகம் தொடங்கியபோது அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என மூன்று ஜாகிர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது மலையில் வழங்கும் பேச்சு. ஜமீன்தாரி ஒழிந்து கால் நூற்றாண்டுக்குமேல் கழிந்து, 1976இல்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. அதாவது, கீழே அரசு பஸ் ஓடத் தொடங்கிய பிறகே மேலே அரசாங்கம் ஏறியது. இன்று கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் போகிறது. அதற்கும் உள்ளே இருக்கும் சிற்றூர்கள் பலவற்றுக்கு பஸ் வேண்டுமானால் மனுவை டெப்போவுக்கு எழுதாதீர்கள். ரோட்டுக்கு வனத்துறை சம்மதம் வேண்டும், முதலில் அங்கே எழுதுங்கள்.