பெயரறியாத் தூரிகைகள்

நுழையும்முன்

ஓர் ஓவியம் வரைந்தவரைப் பற்றிப் பேசும். வரையச் சொன்னவரைப் பற்றியும் பேசும். ஆங்கிலேயர் ஆட்சி இந்தியாவில் வேரூன்றிய காலத்தில் ஓவியர்களைப் புரந்தவர்கள் மாறினர். வரையும் பொருளும் முறையும் மாறின. அம்மாற்றங்களுக்கிடையே ஓவியரின் பெயர் எங்கே மறைந்தது, எங்கே வெளிப்பட்டது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

புரவலர் மாறினர்

பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாயப் பேரரசு தளர்ந்தது. அரண்மனைகளை நம்பி வாழ்ந்த ஓவியர்கள் பாட்னா, மூர்ஷிதாபாத், லக்னோ, கல்கத்தா முதலிய நகரங்களுக்குப் புதிய புரவலரைத் தேடிச் சென்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்கள் அவர்களுக்கு வேலை தந்தனர். ஒளிப்படக்கருவி தோன்றாத காலம் அது. இந்நாட்டு மக்கள், தொழில்கள், விழாக்கள், கட்டடங்கள், செடிகொடிகள் ஆகியவற்றைப் படமாக்கிச் சேர்த்துவைக்க அவ்வலுவலர்கள் விரும்பினர். அவ்வாறு வரையப்பட்டவையே ‘கம்பெனி ஓவியங்கள்’ எனப்படுகின்றன.

அடர்வண்ணங்களால் சிற்றோவியம் தீட்டிய கைகள், ஐரோப்பியத் தாளில் மெல்லிய நீர்வண்ணம் தீட்டப் பழகின. நிழலும் ஒளியும் காட்டும் முறையையும், அண்மை சேய்மை காட்டும் முறையையும் கற்றன. எனினும், நுண்கோடு இழுக்கும் பழைய திறன் அவற்றில் அழியவில்லை.

தமிழகத்திலும் இக்கலை தழைத்தது. கணவனும் மனைவியும் தம் தொழிற்கருவிகளோடு நிற்கும் படங்கள் தஞ்சாவூரில் தொகுதி தொகுதியாக வரையப்பட்டன. திருச்சிராப்பள்ளியில் மெல்லிய மைக்கா தகடுகளில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. இத்தகைய படங்கள் பலவற்றின் அடியில் அவற்றில் உள்ளோரின் சாதியும் தொழிலும் குறிக்கப்பட்டன. வரைந்தவரின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

பெயர் பெற்ற சிலர்

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, தம் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்தார். 1777ஆம் ஆண்டு முதல் அவற்றை வரையும் பணியில் ஷேக் ஜைனுத்தீன், பவானிதாஸ், ராம்தாஸ் ஆகிய மூவரை அமர்த்தினார். மூவரும் பாட்னாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வரைந்த 300-க்கும் மேற்பட்ட படங்களில் வரைந்தவர் பெயர் பாரசீக எழுத்தில் இடம்பெற்றது. அதனால்தான் இன்று அவர்களைப் பெயர் சொல்லிப் போற்ற முடிகிறது.

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான ராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்களின் துணையுடன் தென்னிந்தியத் தாவரங்களை ஆவணப்படுத்தினார். அவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படத்தொகுதியில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. இதழின் மடிப்பையும் விதையின் உட்புறத்தையும் பிழையின்றி வரைவதற்குக் கைத்திறன் மட்டும் போதாது; அறிவியல் நோக்கும் வேண்டும். அதை உணர்ந்த வைட், ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் ‘கோவிந்தூயா’ எனப் பெயரிட்டார். பிற்கால வகைப்பாட்டில் அப்பேரினம் வேறொன்றில் அடங்கிவிட்டது. ஆயினும், ஓர் இந்திய ஓவியரை அறிவியலின் பங்காளராக ஏற்றதற்கு அப்பெயர் சான்றாகிறது.

தெரிந்து தெளிவோம்

அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி.

கையொப்பமும் அச்சும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒளிப்படம் பரவியதும் கம்பெனி ஓவியம் நலிந்தது. அக்காலத்தில் எழுந்தவர் கிளிமானூர் இரவிவர்மா (1848–1906). திருவாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் எண்ணெய்வண்ணம் தீட்டுவதை அருகிருந்து பார்த்தே அவர் அக்கலையின் நுட்பங்களை அறிந்தார். கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணை வரைந்த அவரது ஓவியம் 1873ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியிலும் வியன்னாக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. கம்பெனி ஓவியர் அறியாத புகழ் அவரது பெயருக்குக் கிடைத்தது. 1894ஆம் ஆண்டு மும்பையில் அவர் நிறுவிய கல்லச்சுக்கூடம், அரண்மனைச் சுவரில் இருந்த தெய்வ உருவங்களை எளியோர் வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது.

மண்ணின் மரபு

ஐரோப்பிய முறையே உயர்ந்தது என்னும் எண்ணத்திற்கு வங்காளத்தில் மறுப்பு எழுந்தது. 1896ஆம் ஆண்டு கல்கத்தா கலைப்பள்ளியின் முதல்வரான ஹேவல், மாணவர்களின் பார்வையை முகலாய, இராஜபுத்திர ஓவியங்களின்பால் திருப்பினார். அவரோடு இணைந்து செயல்பட்டவர் அவனீந்திரநாத் தாகூர். வங்கப் பிரிவினை நிகழ்ந்த 1905ஆம் ஆண்டு, அவர் ‘பாரத மாதா’ ஓவியத்தைப் படைத்தார். காவியுடுத்த அம்மங்கை ஏந்தியவை படைக்கலங்கள் அல்ல. நெற்கதிர், வெண்துகில், ஏட்டுச்சுவடி, செபமாலை ஆகியவையே. ஆள்வோருக்காக நாட்டைப் படம்பிடித்த தூரிகை, மக்களுக்காக நாட்டைக் கனவு காணத் தொடங்கியது.

முடிவாக

கம்பெனி ஓவியங்களை அடிமைக்காலத்தின் படியெடுப்புகள் என ஒதுக்குவது எளிது. எதை வரைவது என்பதைப் புரவலர் முடிவு செய்தார். ஆனால், ஒரு பறவையின் இறகில் எத்தனை சாயல்கள் உள்ளன என்பதைக் கண்டு சொன்னவர் ஓவியரே. ‘ஓவியர் பெயர் தெரியவில்லை’ என்னும் குறிப்பை அருங்காட்சியகத்தில் காணும்போது, அங்கு ஓவியர் இல்லை என்று பொருளன்று. அவரது பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை என்பதே பொருள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கோவில் அல்லது பழைய கட்டடம் ஒன்றில் காணப்படும் ஓவியத்தை உருவாக்கியவர் யார் எனப் பெரியோரிடம் கேட்டுக் குறிப்பு எழுதுக.
2. ‘ஒளிப்படம் வந்தபின் ஓவியம் தேவையா?’ – வகுப்பில் கலந்துரையாடுக.