அடுத்ததுக்கு என்ன அவசரம்?

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. குட்டிக்குப் பத்து மாதம்கூட முடியவில்லை. அதற்குள் "கையோடு அடுத்ததையும் பெற்றுவிடு, ஒரே சிரமமாகப் போய்விடும்" என்று உன் மாமியார் சொல்வதாகப் போனில் சொன்னாய். அவர் மேல் கோபப்படாதே. அவர் காலத்தில் அப்படித்தான் பெற்றார்கள். ஆனால் அந்தச் சிரமத்தில் பாதி மடியில் இருக்கும் பிள்ளையின் தலையில்தான் விழும்.

கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போன காலத்தில் சவலைப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றேகால் வயது இருக்கும். வயிறு மட்டும் முன்தள்ளி, தொடைச் சதை வற்றி, எதற்கெடுத்தாலும் சிணுங்கும். மேல் கையில் நாடாவைச் சுற்றினால் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, சிவப்பில் நிற்கும். கண்பட்டுவிட்டது என்று கயிறு மந்திரித்துக் கட்டியிருப்பார்கள். தாயைப் பார்த்தால் ஐந்து மாத வயிறு. வயிற்றில் இன்னொன்று வந்தபின் கொடுக்கும் பால் ஆகாது என்று வேப்பெண்ணெய் தடவி, ஒரே நாளில் பாலை மறக்கடித்திருப்பார்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வயது வரை பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் பாதியாவது தாய்ப்பாலில் கிடைக்கிறது. இரண்டாம் வயதில்கூட மூன்றில் ஒரு பங்கு. அதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றிய பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தால் எடை எங்கே ஏறும்? பால் மட்டுமா போகிறது? உன் குட்டி ஒரு கிண்ணம் பருப்புச் சோறு சாப்பிட எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று உனக்கே தெரியும். ஒரு வாய் வாங்குவாள், துப்புவாள், தவழ்ந்து ஓடுவாள். நாளைக்கு மூன்று நான்கு வேளை இந்தக் கூத்து. மசக்கையில் சோற்று வாசனையே ஆகாமல் சுருண்டு கிடப்பவள் அவள் பின்னால் எப்படி ஓடுவாள்? நீ ஓடாவிட்டால் வேறு யார் ஓடுவார்கள், சொல்.

உன் உடம்புக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் சாப்பிடச் சொன்ன இரும்புச்சத்து மாத்திரையை நீ முழுதாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். இழந்த ரத்தம் ஊறுவதற்குள் மறுபடி கருத்தரித்தால் உனக்கு ரத்தசோகை கூடும். 18 மாதம்கூட இடைவெளி இல்லாமல் தரிக்கும் பிள்ளை குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறக்கும் வாய்ப்பும் அதிகம். பிரசவமாகி 24 மாதமாவது போகட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2005இல் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வயது. உனக்கு ஆபரேஷன் வேறு. கர்ப்பப்பைத் தையல் நன்றாக ஆறவும் காலம் வேண்டும்.

பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்று நம்பி இருந்துவிடாதே. அது முதல் ஆறு மாதத்துக்கு, அதுவும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர்-டி இலவசமாகப் போடுவார்கள். அது பிடிக்காவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி. இல்லையென்றால் சாயா மாத்திரை. எதுவும் பாலைக் குறைக்காது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. நீ மட்டும் போய்க் கேட்டு வந்து அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒருவேளை ஏற்கெனவே நாள் தள்ளியிருந்தால் பயப்படாதே. கர்ப்பத்தால் பால் கெடாது. சுரப்பு குறையலாம், அவ்வளவுதான். டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலொழிய நிறுத்தாதே. அங்கன்வாடி சத்துமாவை வாங்கி மூலையில் வைக்காமல் கஞ்சி காய்ச்சிக் கொடு. ஒரு முட்டை, கொஞ்சம் கீரை, சோற்றில் ஒரு ஸ்பூன் நெய்.

பொங்கலுக்கு வரும்போது குட்டியின் எடை அட்டையைக் கொண்டு வா. மாமியாரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா