கைக்கு வராத ஹாம்ஸ்டர்

அன்புள்ள நிலாவுக்கு,

ஹாம்ஸ்டர் இயல்பிலேயே பயந்த பிராணி. கடையிலிருந்து வந்த முதல் சில நாட்கள் அது கூண்டின் மூலையில் புதைந்து கிடக்கும்; கை நீண்டால் ஓடி ஒளியும். அதை நோய் என்றோ வளர்ப்பவர் மீதுள்ள வெறுப்பு என்றோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்கி வாழ்ந்து, தானியம் பொறுக்க மட்டும் வெளியே வந்து போகும் இனம் அது. ஆந்தை, நரி, பாம்பு என்று பலவற்றுக்கும் இரை. அப்படிப்பட்ட உயிர் எது அசைந்தாலும் முதலில் ஓடும். வந்தது யார் என்று பார்ப்பது பிறகுதான்.

வீடுகளில் மிகுதியாக வளர்வது சிரியா ஹாம்ஸ்டர். பொன்னிற ஹாம்ஸ்டர் என்றும் சொல்வார்கள். 1839-ல் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், அலெப்போவிலிருந்து வந்த ஒரு மாதிரியை வைத்து இந்த இனத்தை விவரித்தார். 1930-ல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இஸ்ரேல் அஹரோனி, அலெப்போ பக்கம் ஒரு வயலில் வளையைத் தோண்டச் செய்து, தாயையும் குட்டிகளையும் உயிரோடு எடுத்தார். பிடிபட்ட கலவரத்தில் தாய் தன் குட்டியொன்றைத் தானே கொன்றுவிட்டது. மிஞ்சிய குட்டிகளில் பிழைத்தவற்றின் வம்சம்தான் இன்று உலகம் முழுக்கக் கூண்டுகளில் இருக்கும் சிரியா ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. நாய் மனிதரோடு பழகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. ஹாம்ஸ்டர் வீட்டுக்குள் வந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. வயல்காட்டுப் பயம் அதற்குள் எங்கே போகும்?

அதன் கண்பார்வை மங்கல். ஆளை அது அடையாளம் காண்பது முக்கியமாக மூக்கால். ஆகவே பழக்குவது என்பது முதலில் ஒரு வாசனையைப் பழக்குவது. கை மேலிருந்து இறங்கினால் அதற்கு அது பருந்துதான். எனவே கை எப்போதும் பக்கவாட்டிலிருந்து, தரையோடு தரையாக வர வேண்டும்.

கூண்டு விசாலமாகவும், தொலைக்காட்சிச் சத்தம் எட்டாத இடத்திலும் இருப்பது நல்லது. காகிதத் துகளை 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிரப்பினால் அது தோண்டி ஒளியலாம். ஒளிய இடமிருக்கும் பிராணிதான் துணிந்து வெளியே வரும். ஜோடி போட்டு வளர்ப்பது தவறு; வளர்ந்த சிரியா ஹாம்ஸ்டர்கள் இரண்டு ஒரே கூண்டில் இருந்தால் சாகும்வரைகூடச் சண்டை போடும்.

முதல் சில நாட்கள் தீனியும் தண்ணீரும் மாற்றுவதோடு சரி. மாலையில் அது விழித்ததும் கூண்டருகே உட்கார்ந்து தணிந்த குரலில் பேசலாம். பகலில் தூங்குவதை எழுப்பக் கூடாது. வாசனையில்லாத டிஷ்யூ காகிதத்தைக் கையில் நன்றாகத் தேய்த்துக் கூண்டில் போட்டால், அது பெரும்பாலும் அதை இழுத்துப்போய்க் கூட்டில் சேர்த்துக்கொள்ளும். பிறகு அது தூங்குவதே வளர்ப்பவரின் வாசனையில்தான். இதே காரணத்தால் கூண்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாத் துகளையும் ஒரேயடியாகக் கொட்டிவிடக் கூடாது. பழையதில் கொஞ்சம் மிச்சம் வைக்காவிட்டால் அதற்கு அது புது ஊர்.

அடுத்தது சூரியகாந்தி விதை. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துக் கூண்டின் தரையில் வைத்து, விரல் நுனியில் ஒரு விதையை வைக்க வேண்டும். ஹாம்ஸ்டர் வரும் விதத்தைக் கவனித்தால் அதன் மனசு தெரியும். பின்னங்கால் இரண்டும் இருந்த இடத்திலேயே ஊன்றியிருக்கும். உடம்பு மட்டும் ரப்பர்போல நீளும். மீசை விடாமல் துடிக்கும். விதையைக் கவ்விக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். ஓடட்டும். கை அசையாமல் இருப்பதுதான் பாடம். இது வழக்கமான பிறகு விதையை உள்ளங்கைக்கு நகர்த்தலாம், பிறகு மணிக்கட்டுக்கு. நான்கு காலும் கையில் ஏறி, அங்கேயே உட்கார்ந்து கொறிக்கத் தொடங்கும்வரை தூக்கும் எண்ணமே வேண்டாம். ஏறியவுடன் தூக்குகிற அவசரம்தான் பல வாரப் பழக்கத்தைக் கெடுக்கிறது.

தூக்கும்போது இரு கையும் சேர்த்துக் கிண்ணம்போல் ஏந்தி, தரையை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். உயரத்திலிருந்து குதித்தால் அதன் மெல்லிய எலும்பு முறியும். உலர்ந்த குளியலறைத் தரை நல்ல பழகுமிடம். பினாயில் வாசனை போகக் கழுவி, கதவைச் சாத்தி, தண்ணீர் போகும் துவாரத்தை மறக்காமல் மூடிவிட்டு, தரையில் கால்நீட்டி உட்கார்ந்தால், அது தானாகவே வந்து கால்மேல் ஏறிப் பார்க்கும். பிளாஸ்டிக் உருண்டைக்குள் அடைத்து ஓட விடுவது வேடிக்கை பார்ப்பவருக்கு மட்டுமே விளையாட்டு, வேண்டாம்.

கடித்தால் உதறக் கூடாது, முகத்தில் ஊதக் கூடாது. மெதுவாகக் கீழே விட்டுவிட்டு, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஆழமான கடி என்றால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். கடிக்குக் காரணம் பெரும்பாலும் விரலில் ஒட்டியிருக்கும் சாப்பாட்டு வாசனை, அல்லது தூக்கத்தில் எழுப்பியது. தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவுவது இருவருக்கும் நல்லது. காதைப் பின்னால் மடக்குவது, பல்லை நறநறப்பது, சிலையாக உறைவது எல்லாம் ‘இன்று போதும்’ என்பதன் அடையாளம். திறந்த வெளியில் நிதானமாக உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டால் அது பயம் தெளிந்திருக்கிறது.

நன்றாகப் பழகிய ஹாம்ஸ்டர் திடீரென்று ஒளிந்தாலோ, கடித்தாலோ வலி இருக்கலாம். வாலடி ஈரமாக இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வெயிலும் எதிரிதான், 30 டிகிரிக்கு மேல் வெப்பம் அதற்கு ஆபத்து. சித்திரை வைகாசியில் கூண்டு வீட்டின் குளிர்ந்த அறையில் இருக்க வேண்டும், ஜன்னலோரம் கூடாது.

சில ஹாம்ஸ்டர் ஒரு வாரத்திலேயே கைக்கு வரும், சிலவற்றுக்கு மாதக்கணக்காகும். ரோபரோவ்ஸ்கி என்னும் குட்டி இனம் கையில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது மேல். எந்த இனமானாலும் ஆயுள் ஏறக்குறைய இரண்டு, மூன்று ஆண்டுகள்தான்.

ஆகவே நிலா, இந்த வாரம் தீனி வைக்க மட்டும் கூண்டைத் திற. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா