கேட்கும் பிள்ளையும் கேள்வி கேட்கும் பிள்ளையும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, மாலையில் மதரஸாவுக்கும் அனுப்பியாயிற்று, இனி ஆசிரியர் பாடு, உஸ்தாத் பாடு என்று இருந்து விடுகிற பெற்றோர் நம்மில் ஏராளம். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பது வேறு, அவன் கற்பது வேறு என்பதை நாம் மறந்து விடுகிறோம். ஐந்தாம் வகுப்பு வரை ஏறி வந்த பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கத் தெரியவில்லை. மூன்று ஆண்டு ஓதிய பிள்ளைக்கு உளூவின் பர்ளுகளை ஒப்பிக்கத் தெரிகிறது, ஆனால் குழாயடியில் நிறுத்தினால் முழங்கை நனையாமல் எழுந்து வருகிறான். இதற்கு யார் பொறுப்பு? பிள்ளையா, கற்பித்தவரா, கற்பித்த முறையா? இம்மாதப் பாடத்தில் இதை ஆராய்வோம்.

நம் பகுதியின் நிலை

மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளைக் கொண்ட அனல்மின் நிலையம் இருக்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. இவற்றை நம்பி வாழும் குடும்பங்களில் தந்தை ஷிப்டு வேலையில் இருப்பார். பிள்ளை விழித்திருக்கும்போது அவர் தூங்குவார், அவர் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடும். தமிழ் பேசும் பிள்ளை, வீட்டில் உருது பேசும் பிள்ளை, எல்லைப்புறத் தெலுங்குப் பிள்ளை, வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரின் பிள்ளை எல்லோரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் ஒரே குரலில் சொல்லிக் கொண்டு போனால் எத்தனை பேர் உள்ளத்தில் அது இறங்கும்?

கொரோனா காலம் இந்தக் குறையைப் பெரிதாக்கியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, பள்ளியின் வாசற்படியை முதன்முதலாக மிதித்தபோதே இரண்டாம் வகுப்பு மாணவனாகி விட்டான். அ, ஆ அறியாதவனிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகம் கொடுக்கப்பட்டது.

பெருமானாரின் வழிமுறை

கற்பிப்பது எப்படி என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்பித்த முறையை ஹதீஸ் நூல்கள் விவரமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே நினைவு கூர்வோம்.

ஒன்று: கேள்வி கேட்டுச் சிந்திக்க வைத்தல். இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம் என்று பெருமானார் (ஸல்) சபையில் கேட்டார்கள். எல்லோரும் பலவாறு எண்ணினார்கள். பேரீச்ச மரம் என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் உதித்தது. ஆனால் மூத்தவர்கள் நிறைந்த அவையில் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. பின்னர் தம் தந்தையார் உமர் (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னபோது, நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். விடை தெரிந்தும் வெட்கத்தால் மௌனமாக இருக்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறான் என்பதை இதிலிருந்து உணர வேண்டும்.

இரண்டு: வரைந்து காட்டுதல். மனிதனையும், அவனைச் சூழ்ந்துள்ள அவனது தவணையையும், அதையும் தாண்டி நீளும் ஆசையையும் விளக்க, பெருமானார் (ஸல்) ஒரு சதுரத்தையும் அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோட்டையும் வரைந்து காட்டினார்கள்.

மூன்று: தானே செய்து பார்க்க விடுதல். அவசரமாகத் தொழுத ஒருவரைத் திரும்பத் தொழும்படி மும்முறை அனுப்பினார்கள். இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்ட பின்னர், ஒவ்வொரு நிலையையும் நிதானமாக விளக்கினார்கள். கற்கும் ஆவல் பிறந்த பின் கற்பித்தது இங்கே கவனிக்கற்பாலது.

நான்கு: சலிப்பு வராமல் காத்தல். தோழர்கள் சலிப்படைந்து விடக்கூடாது என்று பெருமானார் (ஸல்) நாள் விட்டு உபதேசம் செய்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களும் அதைப் பின்பற்றி வியாழக்கிழமை தோறும் மட்டும் உபதேசித்து வந்தார்கள்.

மதராஸ் கற்பித்த பாடம்

நம் மண்ணுக்கும் இத்துறையில் ஒரு பெருமை உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒருநாள் நம் நாட்டுப் பள்ளி ஒன்றின் வழியே சென்றபோது, பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். காகிதமும் மையும் இன்றி எழுத்துப் பயிற்சி நடந்தது. அதைத் தம் விடுதியில் நடத்த முயன்றபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர அமர்த்தினார். அது வெற்றி பெற்றது. 1797இல் அவர் இதை இலண்டனில் நூலாக வெளியிட, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறை 'மதராஸ் முறை' என்ற பெயரால் பல நாடுகளில் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் கொடையால் உருவான பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

செயல்வழிக் கற்றல் முதல் எண்ணும் எழுத்தும் வரை

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியினர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையே இதற்கு முன்மாதிரி. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்படும். ஏணிப்படி போல ஒரு அட்டையை முடித்த பிள்ளை அடுத்ததற்குச் செல்வான். ஆசிரியர் மேசையை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் அமர்வார். சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இருக்கும். 2007-08 கல்வியாண்டில் இம்முறை மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

பின்னர் கொரோனா ஏற்படுத்திய இடைவெளியை நிரப்ப, 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்த விழா நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்துப் பள்ளியில்தான் நடந்தது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் அறிய வேண்டும் என்பது அதன் இலக்காக வைக்கப்பட்டது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டு, பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றின் வழியே கற்றார்கள்.

இம்முறைகளின் உட்கருத்து ஒன்றே. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்க்காமல், எதை அறிந்திருக்கிறான் என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும். அட்டையை எண்ணுவதிலும் பதிவேட்டை நிரப்புவதிலும் ஆசிரியரின் நேரம் போய்விட்டால் எந்த முறையும் பயன் தராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கருவி துணையா, தடையா?

2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கைப்பேசியால் படம் பிடித்தால் காணொளியைத் திறக்கும் கட்டக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் மணற்கேணி என்ற செயலி வந்தது. இவை நல்லவையே. இதயம் சுருங்கி விரிவதைக் கரும்பலகையில் காட்ட முடியாது, படத்தில் காட்டலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரை பேசும்போது பிள்ளை வாய் மூடிப் பார்த்துக் கொண்டிருந்தால், ஆசிரியர் இருந்த இடத்தில் பெட்டி வந்ததே தவிர, பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறான். ஆகவே கருவியை வைத்துக் கற்பிப்பவர் மூன்று நிமிடம் காட்டி நிறுத்தட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கட்டும். பிள்ளைகள் சொன்ன பிறகு மீண்டும் ஓட விடட்டும்.

கேள்வி கேட்டவுடன் விடையை எதிர்பார்ப்பதும் நம் வழக்கம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீண்டும் தெளிந்தும் வருகின்றன என்றும் 1970களில் கண்டறிந்தார். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, பொறுமை ஒன்றே வேண்டும்.

மதரஸாவில் செய்யத்தக்கவை

கண்ணியமிக்க உஸ்தாதுமார்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. சிலேட்டு: கேள்வியைக் கேட்டு, எல்லோரும் விடையை எழுதி ஒரே நேரத்தில் உயர்த்தச் சொல்லுங்கள். முதல் வரிசையின் கெட்டிக்காரன் ஒருவன் மட்டும் பதில் சொல்லும் வழக்கம் ஒழியும். கடைசி வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதும் தெரிய வரும்.

2. இருவர் இருவராக: விடையை முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லட்டும், பிறகு சபையில் சொல்லட்டும். வெட்கப்படும் பிள்ளைக்கு இது படிக்கட்டு.

3. உளூ: ஒரு பிள்ளை செய்ய, மற்றவர்கள் கவனித்து விடுபட்டதைச் சொல்லட்டும். கேலிக்கு மட்டும் இடம் தரலாகாது.

4. கைப்பேசி: பிள்ளை ஓதுவதைப் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டுங்கள். தன் பிழையைத் தன் காதால் கேட்ட பிள்ளை விரைவில் திருந்துவான். கைப்பேசி உஸ்தாதின் கையில் இருக்கட்டும்.

5. நிழல் பாடம்: ஒரு மீட்டர் குச்சியைச் சமதளத்தில் செங்குத்தாக நட்டு, நடுப்பகலை ஒட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகி, மீண்டும் நீளத் தொடங்கும்போது லுஹர் நேரம் நுழைகிறது. அந்தக் குறுகிய நிழலோடு குச்சியின் நீளம் சேர்ந்தால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர், இருமடங்கு சேர்ந்தால் ஹனஃபி மத்ஹபின்படி அஸர். நம் பகுதியில் டிசம்பர் 22ஐ ஒட்டி நடுப்பகல் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் இருக்கும். ஆகவே அஸர் முறையே 174, 274 சென்டிமீட்டரில் வரும். ஜூன் 21ஐ ஒட்டியோ நிழல் தெற்கு நோக்கி விழும், 18 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நடுப்பகலில் குச்சிக்கு நிழலே இராது. அப்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்! கைப்பேசிச் செயலியும் நேரத்தைச் சொல்லும், ஆனால் ஏன் அந்த நேரம் என்பதைக் குச்சியே கற்பிக்கும். கணக்கும் பூகோளமும் ஃபிக்ஹும் ஒரே பாடத்தில் அடங்கிவிடும். பக்கத்தில் தொழுபவர் வேறு நேரத்தில் அஸர் தொழுவது ஏன் என்பதும் சச்சரவின்றிப் புரியும்.

வீட்டின் பங்கு

அன்புக்குரிய பெற்றோர்களே! என்ன மார்க் வாங்கினாய் என்று மட்டும் கேளாதீர்கள். இன்று நீ என்ன கேள்வி கேட்டாய் என்றும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் கூட, இன்று படித்ததை எனக்குச் சொல்லிக் கொடு என்று மகளிடம் கேட்கலாம். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்குப் பாடம் உறுதிப்படும், தாய்க்கும் இரண்டு எழுத்து வரும். ஷிப்டு வேலைக்குச் செல்லும் தந்தை, தூங்கப் போகுமுன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பிள்ளை கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்று அடக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, இருவருமாக விவரம் அறிந்தவரிடம் போய்க் கேளுங்கள். இன்று வீட்டில் அடக்கப்படும் வாய், நாளை வகுப்பிலும் திறக்காது. வேலைக்கான நேர்முகத்திலும் திறக்காது. தனக்கு அநீதி நேரும் இடத்திலும் திறக்காது.

மௌனமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஒழுக்கமான பிள்ளை என்று நாம் மெச்சிக் கொண்டிருக்கிறோம். அவன் உள்ளத்தில் பேரீச்ச மரம் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது அவனைப் பேச வைத்தால்தானே தெரியும்?

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்பிப்போருக்குப் பொறுமையையும், பெற்றோருக்கு அதில் அக்கறையையும் தந்தருள்வானாக! ஆமீன்.