‘ஃப்ரீ’ என்றால் சும்மாவா?

சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணா, லினக்ஸ் காசில்லாம கிடைக்குது, அதனாலதான் ‘ஃப்ரீ’யா?” இல்லை தம்பி. அந்த ‘ஃப்ரீ’ விலையைச் சொல்லவில்லை, சுதந்திரத்தைச் சொல்கிறது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தின் பிரிண்டரில் அடிக்கடி தாள் சிக்கும். அதற்கு வழி செய்ய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடைக் கேட்டார். வைத்திருந்தவரோ, யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்ததால் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்த மனத்தாங்கலும் ஒரு காரணம். 1989இல் ஜிபிஎல் உரிமம் வந்தது. பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்கணும்.

சண்டையே இந்த ‘ஆனால்’ பற்றித்தான். பிஎஸ்டி உரிமத்தில் அது கிடையாது. ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் விட்டுவைத்தால் போதும். எடுத்தவர் பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸில்கூட பிஎஸ்டி நிரல் உண்டு. கொடுத்த பிறகு நிபந்தனை எதற்கு என்பது அவர்கள் கட்சி.

பலன் எதிர்பாராத கர்மத்தைக் கீதை வகுப்பில் படித்த எனக்கு முதலில் பிஎஸ்டிதான் பிடித்தது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நின்றபோது மனசு மாறிச்சு. குவளையைத் திருப்பி வைங்க என்று நாம் சொல்வது நமக்காகவா? அடுத்து வருகிறவருக்காக. ஜிபிஎல் நிபந்தனையும் அப்படித்தான்.

“குவளை குறையும், நிரல் குறையாதே!” என்கிறான் என் அறைத்தோழன். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நம் வகுப்பு வருகைப் பதிவுக்கு நான் எழுதிய செயலிக்கு ஜிபிஎல்தான் போட்டிருக்கேன்.