தேவிகுளம் மூடுபனியில் படம் எடுக்க...

கேரளத்தில் சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள தேவிகுளத்தில் காலை நடையில் எடுக்கும் படங்கள் பல நேரம் சாம்பல் பூத்து வரும். இதோ வழிகள்:

1. கேமராவில் வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டுங்கள். மூடுபனியின் வெண்மையைக் கேமரா மங்கலாகவே பதிவுசெய்யும்.

2. தேயிலைக் கொழுந்தின் நுனியில் நிற்கும் துளிக்குக் குனியுங்கள். கிட்டத்தில் மூடுபனி மறைக்காது. 2018-இல் மலையில் பூத்த நீலக்குறிஞ்சிக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும், இந்தத் துளி தினமும் கிடைக்கும்.

3. செல்போனை உள்பையில் வையுங்கள். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

4. கொழுந்து எடுப்பவரிடம் "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள், அது அவருடைய வேலை நேரம்.

5. வீடு திரும்பியதும் கேமராவை அரைமணி நேரம் பையிலேயே விடுங்கள். வெதுவெதுப்பான அறையில் சட்டென எடுத்தால் லென்ஸில் நீர் கோக்கும்.

6. இரவில் ஒரே படத்தைத் தேர்ந்து, மனம் குளிர்ந்த காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். பிறகு பார்க்கும்போது அந்தக் காலை அப்படியே நினைவுக்கு வரும்.